கடற்கரை மணலும் கற்கவேண்டிய கல்வியும்

(நாகர்கோவிலில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

தேர்வு முடிவு வந்தவுடன் நம் மாவட்டத்து வீடுகளில் மூன்றே மூன்று பேச்சுகள்தாம் நடக்கும். ஒன்று மருத்துவம், அது கிட்டாவிடில் செவிலியர் படிப்பு. இரண்டாவது கணிப்பொறி. மூன்றாவது, எதைப் படித்தாலும் சரி, வளைகுடா நாட்டுக்கு வானூர்தி ஏறிவிடவேண்டும் என்பது. இவற்றுள் எதனையும் இழிவென்று சொல்ல நான் இங்கு வரவில்லை. கடல் கடந்து உழைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் இவ் வரங்கிலும் பலர் இருக்கின்றீர்கள். ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றுத் தமிழ்நாட்டின் மாவட்டங்களுள் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. அத்தகைய மாவட்டத்தில், தன் சொந்தக் கடற்கரை மணலில் என்ன இருக்கிறது, அதனை என்ன செய்யலாம், அதனைக் கற்பிக்கும் படிப்பு எது என்று கேட்டால் நூற்றில் எத்தனை பேர் விடை சொல்வர்? அந்தப் படிப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகின்றேன். அதற்குப் பொருட்பொறியியல் என்று பெயர். அதன் மூத்த கிளை மாழையியல், அஃதாவது உலோகவியல்.

பெயர் புதிதாகத் தோன்றலாம், பொருள் எளிது. ஒரு பொருள் ஏன் வளைகிறது, மற்றொன்று ஏன் உடைகிறது? ஒன்று ஏன் துரு ஏறுகிறது, மற்றொன்று ஏன் நூறாண்டு கழிந்தும் மின்னுகிறது? ஒன்றன் வழியே மின் ஏன் ஓடுகிறது, மற்றொன்றில் ஏன் நின்றுவிடுகிறது? இவற்றுக்கெல்லாம் விடை அப் பொருளின் உள்ளமைப்பில் இருக்கின்றது. அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, மணிமணியாக எவ்வாறு பிரிந்துள்ளன, எவ்வளவு சூட்டில் காய்ச்சி எவ்வளவு விரைவில் குளிரவைத்தோம் என்பவற்றைப் பொறுத்து அப் பண்பு அமைகின்றது. உள்ளமைப்பு, ஆக்கும் முறை, பண்பு, பயன் என்னும் இந் நான்கையும் ஒன்றோடொன்று முடிபோட்டுக் கற்பதே இப் படிப்பு. மாழை மட்டுமன்று, சுடுமண் பொருள்கள், கண்ணாடி, நெகிழி, இரப்பர், கூட்டுப்பொருள்கள் எல்லாம் இதில் அடங்கும். குளச்சலிலும் முட்டத்திலும் கட்டுமரம் நின்ற இடத்தில் இன்று கண்ணாடி இழை வள்ளங்கள் நிற்கின்றனவே, அவை கூட்டுப்பொருள்தாம். இழை வலிமை தரும். பிசின் அவ் விழைகளைக் கட்டி நிறுத்தும். வெட்டியுணரத்தக்க பாடம் நம் கரையிலேயே கிடக்கின்றது.

மணவாளக்குறிச்சிக்கு வருவோம்.

நம் மேற்குமலைப் பாறைகள் ஊழிக்கணக்கான காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளால் அரித்துக் கொண்டுவரப்பட்டுக் கடலில் சேர்ந்தன. கடல் அவற்றைப் புடைத்தது. நம் தாய்மார் முறத்தில் நெல்லைப் புடைப்பதுபோல, எடை குறைந்த வெண்மணலை அலை இழுத்துப் போக, எடை மிகுந்த கருமணல் கரையில் தங்கிற்று. இயற்கை செய்த இந்த வேலையின் மிச்சத்தைத்தான் மணவாளக்குறிச்சி ஆலை செய்கின்றது. அங்கே அவர்கள் எதையும் உருக்குவதில்லை. மணலிலுள்ள ஒவ்வொரு கனிமத்துக்கும் உள்ள பண்பைப் பயன்படுத்திப் பிரிக்கின்றார்கள். முதலில் நீரோடு திருகுவழியில் ஓடவிட்டு எடை குறைந்த மணலை ஒதுக்குவார்கள். எஞ்சியதில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். அது மின்னையும் கடத்தும். உரூட்டைல் மின்னைக் கடத்தும், ஆனால் காந்தத்துக்கு அசையாது. சிர்க்கான் இரண்டுக்கும் அசையாது. கருஞ்சிவப்பான கார்னெட்டு மின்னைக் கடத்தாது, காந்தத்தால் இழுபடும். மோனசைட்டு மின்னைக் கடத்தாது. வலிமை மிக்க காந்தத்துக்கு மட்டும் சற்றே இழுபடும். ஆக, காந்தம், மின்விசை, எடை என்னும் மூன்று சல்லடைகளைக் கொண்டு ஐந்து கனிமங்களைத் தனித்தனியே பிரித்துவிடுகின்றார்கள். பண்பை அறிந்தவன் பொருளை ஆள்வான் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை எந்தப் பல்கலைக்கழகப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

இம் மணலைக் கண்டு சொன்னவர் நம்மவர் அல்லர். 1909இல் சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு மின்னுவதைக் கண்டார் என்பர். கயிறு திரித்தவர் நம் தாய்மார், மணலைத் தட்டி உதறியவரும் அவரே, கண்டவர் வேறொருவர்! அக்காலத்தில் மோனசைட்டுக்கு ஏன் அவ்வளவு விலை? ஆத்திரிய நாட்டு வேதியலார் ஆவர் வான் வெல்சுபாக்கு, தோரிய ஆக்சைட்டில் நூற்றுக்கு ஒரு பங்கு சீரிய ஆக்சைட்டைச் சேர்த்து நெய்த வலைப்பை, ஆவி விளக்கில் வெண்ணிற ஒளி வீசுவதைக் கண்டிருந்தார். ஐரோப்பாவின் தெருவெல்லாம் அவ் விளக்கு எரிந்தது. அதற்குத் தேவையான தோரியம் மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்குவரை இருந்தது. நம்மூர்த் திருவிழாக்களில் தலைமேல் சுமந்து வந்தார்களே, அந்தப் பெட்ரோமாக்சு விளக்கின் வலைப்பையும் அவ் வகையினதே. நம் கரையிலிருந்து கப்பலேறிய தோரியம் வலைப்பையாக மாறி நம் தேர்த்தெருவுக்கே திரும்பி வந்திருக்கவுங்கூடும், வேறு விலையில்!

பின்னர் மின்விளக்கு வந்தது. தோரியத்தின் மதிப்புக் குறைந்தது. அணு ஆற்றல் வந்தது, மீண்டும் ஏறிற்று. 1946-47இல் திருவிதாங்கூர்த் திவான் சி.பி. இராமசாமி ஐயர் தனிநாட்டுக் கனவு கண்டபோது வெளிநாட்டாரோடு பேரம் பேசக் கையில் வைத்திருந்த சரக்கு இந்த மணலே. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றிற்று. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைக் கரைத்துப் பிரிக்கும் ஆலை எழுந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்று, மார்சல் நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1954இல் குண்டடிபட்டு மாண்டவர்களின் ஈகத்தின் பயனாக, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. மணவாளக்குறிச்சி நம்மிடம் வந்தது. ஆனால் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையும், இல்மனைட்டை வெண்ணிறப்பொடியாக்கும் ஆலையும் எல்லைக்கு அப்பாலே இருந்துவிட்டன. நாம் மண்ணை மீட்டோம். மண்ணை மாழையாக்கும் கலை நம்மிடம் வரவில்லை. இதற்காக மலையாளத்து உடன்பிறப்புகளைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் கற்றார்கள், கட்டினார்கள். கொல்லம் பக்கத்துச் சவறையில் 2011இல் ஆண்டுக்கு 500 தொன் தைத்தானியக் கடற்பஞ்சு ஆக்கும் ஆலையையும் தொடங்கினார்கள். கடற்பஞ்சு என்றால் துளைதுளையாக இருக்கும் கலப்பில்லாத தைத்தானியம். எடை குறைவு, வலிமை மிகுதி, துருவேறாது. ஏவுகணையில் அழுத்தவளிக் கலங்களுக்கு ஏற்றது.

நம் பக்கத்திலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட இயலாது. தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் 2009 முதல் சிர்க்கோனிய ஆலை நடக்கின்றது. சிர்க்கான் மணலிலிருந்து சிர்க்கோனிய மாழையைப் பிரித்தெடுக்கின்றார்கள். அணுவுலையில் எரிபொருளை அடைக்கும் குழாய் இம் மாழையின் கலவையால் ஆயது; அது நொதுமிகளை, அஃதாவது நியூத்திரன்களை, மிகக் குறைவாகவே விழுங்கும் என்பதே கரணியம். ஆனால் அதனோடு இரட்டைப் பிள்ளைபோல் ஒட்டியிருக்கும் ஆபினியமோ நொதுமிகளைப் பேராவலோடு விழுங்கும். வேதிப்பண்பில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இவ் விரண்டையும் பிரிப்பதுதான் அவ் வாலையின் திறமை. படித்தவர்கள் தேவைப்படும் இடம் அது.

இனி, நம் மாவட்டத்தின் மறுகோடிக்குப் போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுழலுகின்றன. புதுவகைக் காற்றாலைகள் பலவற்றிலும், மின்னில் ஓடும் உந்துகளிலும் நிலைக்காந்தம் வேண்டும். அக் காந்தத்துக்கு நியோடிமியம், பிரசியோடிமியம் என்னும் அருமண் தனிமங்கள் வேண்டும். மோனசைட்டில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகளே. அவற்றுள் இவ்விரண்டும் உள்ளன. ஒரு கோடியில் காந்தத்தின் மூலப்பொருள். மறுகோடியில் காந்தம் சுழலும் காற்றாலை. இடையே நாற்பது கிலோமீட்டர்கூட முழுதாக இராது. ஆயினும் காந்தம் எங்கிருந்து வருகிறது? உலகத்துக்கே பெரும்பகுதியை ஆக்குவது சீனம். 2010இல் சப்பானோடு பிணக்கு வந்தபோது சீனம் அருமண்ணைத் தடுத்துப் பார்த்தது. 2025 ஏப்பிரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றாலாய காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. உலகமெங்கும் உந்து செய்யும் ஆலைகள் தவித்தன. நம் மணலில் எடை குறைந்த வகை அருமண்களே மிகுதி, எடை மிகுந்த வகை குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். எனவே எல்லாம் நம்மிடமே உண்டு என்று மார்தட்டுவது பொய்யாகும். ஆனால் நியோடிமியம் உண்டு என்பது மெய்.

"மணல் இருக்கிறதே, காந்தம் செய்துவிடலாமே" என்று மேடையில் சொல்லிவிடலாம். செய்வது எப்படி? மோனசைட்டை எரிகாரத்தில் வேகவைத்துக் கரைக்க வேண்டும். கதிர்வீசும் தோரியத்தைப் பாதுகாப்பாக ஒதுக்க வேண்டும். அருமண் தனிமங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கரைப்பான்களில் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான படிகளில் கடத்தித்தான் பிரிக்க முடியும். பின்னர் ஆக்சைட்டை மாழையாக்க வேண்டும். இரும்போடும் போரானோடும் கலந்து உருக்க வேண்டும். காற்றுப் பட்டால் தீப்பற்றும் மிகநுண்ணிய பொடியாக அரைக்க வேண்டும். அப் பொடியைக் காந்தப்புலத்தில் நிறுத்தி அழுத்திச் சூளையில் சுட்டு இறுகச் செய்ய வேண்டும். இவற்றுள் முதற்பாதி வேதிப்பொறியாளர் வேலை. பிற்பாதி முழுதும் பொருட்பொறியாளர் வேலை. இந்திய அருமண் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் சமாரியம்-கோபால்ட்டுக் காந்த ஆலை ஒன்றை நிறுவியுள்ளது. அத்தகைய ஆலை நம்மூரில் ஏன் இல்லை என்று கேட்பதற்கு முன், அத்தகைய ஆலையை நடத்தத்தக்க எத்தனை பேரை நாம் படிக்கவைத்தோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாவா?

இங்கு நம் கடற்கரை மக்களின் அச்சத்தைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் நிலத்தில் மணல் அகழும் திட்டத்துக்கு 2024இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கரை அரிப்பு, வீடிழப்பு, கதிர்வீச்சு, புற்றுநோய் என்று அவர்கள் அஞ்சுகின்றார்கள். மோனசைட்டின் தோரியத்தால் நம் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட மிகுதி என்பது உண்மை. இதேபோன்ற கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையில் பல்லாண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, அக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் இயற்கையாகக் கிடக்கும் மணல் வேறு. அகழ்ந்து பிரித்துக் குவித்த மணல் வேறு. ஒன்றைப் பற்றிய ஆய்வு மற்றொன்றுக்கு முழு விடையாகாது. மேலும், கரையை இழப்பவன் கேட்கும் கேள்வி கதிர்வீச்சைப் பற்றியது மட்டுமன்று. தன் பிழைப்பைப் பற்றியது. தனியார் மணற்கொள்ளையால் மனம் வெதும்பிய மக்கள் இவர்கள். 2013இல் தமிழ்நாட்டரசு அத் தொழிலுக்குத் தடைவிதிக்க வேண்டியிருந்ததை மறந்துவிடலாகாது.

இத் திட்டம் வேண்டும் என்றோ வேண்டா என்றோ தீர்ப்புரைக்க இம் மேடை இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அளவு சொல்பவனும் அகழ்பவனும் ஒருவனாகவே இருக்கும்வரை எந்த மீனவன் நம்புவான்? கருத்துக் கேட்கும் கூட்டத்தில் நிறுவனத்தார் நூற்றுக்கணக்கான பக்கங்கொண்ட ஆங்கில அறிக்கையை மேசைமேல் வைக்கும்போது, எதிரே உட்கார்ந்து அதனைப் படித்து, "இந்த அளவை எங்கே எடுத்தீர்கள்? கழிவைக் குழியில் திரும்ப நிரப்பும்போது மோனசைட்டின் பங்கு என்ன? எத்தனை ஆண்டு காப்பீர்கள்?" என்று கேட்கத்தக்க ஒரு பெண், ஓர் ஆண் அக் கடற்கரை ஊரிலேயே பிறந்தவராக இருக்கவேண்டும். ஆலையை நடத்துவதற்கும் இப் படிப்பு வேண்டும். ஆலையைத் தட்டிக் கேட்பதற்கும் இதே படிப்புத்தான் வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? கணக்கு, இயற்பியல், வேதியல் மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கவேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பொறியியற் கலந்தாய்வின் வழியாகக் கோவைப் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும் சேலம் அரசினர் பொறியியற் கல்லூரியிலும் மாழைப்பொறியியல் கிடைக்கும். சென்னை அழகப்பர் தொழில்நுட்பக் கல்லூரியில் சுடுமண் தொழில்நுட்பவியல் உண்டு. திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாழையும் பொருளும் சேர்ந்த பொறியியல் உண்டு. அங்கே பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்க்கே. கூட்டு நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அதனினும் கடினமான தேர்வு வழியாகச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இத் துறை உண்டு. இவற்றில் இடங்கள் குறைவு. ஆனால் கணிப்பொறிக்கு முண்டியடிக்கும் கூட்டம் இதற்கு இல்லை. மதிப்பெண் சற்றுக் குறைந்ததற்காக மூலையில் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் பணம் கொட்டிக் கணிப்பொறி படிப்பதைவிட, நல்ல அரசுக் கல்லூரியில் மாழைப்பொறியியல் படிப்பது மேல் என்பது என் கருத்து.

பொறியியலில் இடம் கிட்டாதவர் மனந்தளர வேண்டா. நம் நாகர்கோவில் கல்லூரிகளிலேயே இயற்பியலோ வேதியலோ முதுகலை வரை படித்து, கேட் எனும் தேர்வு எழுதிப் பொருளறிவியலில் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் செல்லும் வழி திறந்தே இருக்கின்றது. பெண்மக்களைப் பெற்றோர் இதனைக் கருதுக. "உலைக்களத்தில் பெண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர், இப் படிப்பில் பெரும்பகுதி நுண்ணோக்கியின் முன்னும் ஆய்வுக்கூடத்திலும் நடப்பது என்பதை அறியாதவர்.

வேலையைப் பற்றி மிகைபடச் சொல்லமாட்டேன். படித்து முடித்தவருள் பலர் கணிப்பொறி நிறுவனங்களுக்கே போய்விடுகின்றார்கள். தொடக்கச் சம்பளம் அங்கே மிகுதி. உருக்காலையில் சூடும் இரவு முறைப்பணியும் உண்டு. ஆனால் பத்தாண்டு கழித்துப் பாருங்கள்: வார்ப்பு உடைந்தது ஏன் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு எந்த நாட்டிலும் வேலை உண்டு. கோவை வார்ப்படச் சாலைகள், சேலம் உருக்காலை, திருச்சியில் பெல் என்று நாம் அழைக்கும் கொதிகலன் ஆலை, சென்னையைச் சுற்றியுள்ள உந்து ஆலைகள், இவையெல்லாம் மாழைப்பொறியாளரைத் தேடுகின்றன. கற்பாக்கத்தில் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி நடுவம் இருக்கின்றது. அங்கே பயிற்சிப்பள்ளி வழியாக ஆளெடுக்கின்றார்கள். நம் எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியிலும், பேருந்தில் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச்சேரும் திருவனந்தபுரத்திலும் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கூடங்கள் உள. காரைக்குடியில் மின்வேதியல் ஆராய்ச்சி நடுவம். துரு என்னும் பகையை ஆயும் இடம் அது. உப்புக்காற்றில் நங்கூரமும் சுழலியும் இற்றுப்போவதைக் கண்டு வளர்ந்த மீனவர் மகனைவிட அதனை ஆயத் தகுதியுடையவன் எவன்?

நம் முன்னோர் பெருமையைப் பேசாமல் தமிழ்க்கூட்டம் முடியாது என்பது மரபு. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் அறிவித்தது. கொடுமணலில் இரும்புருக்கிய உலைகளைக் கண்டெடுத்தார்கள். தென்னாட்டு எஃகின் கமுக்கத்தை அறிய இலண்டனில் மைக்கேல் பாரடே என்னும் கொல்லர் மகன் 1820ஐ ஒட்டி ஆய்வு நடத்தினார். பின்னாளில் மின்னியலின் தந்தையருள் ஒருவரானவர் அவரே. நம் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில், குளச்சற் போரில் தோற்றுத் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான தெலனாய் காலத்தில் பீரங்கி வார்த்தார்கள். போதும். ஐயாயிரம் ஆண்டுப் பெருமையைக் கூறிக் கைதட்டினால் ஓர் ஆணிகூட வார்ந்துவிடாது.

ஆயினும் அப் பழங்கலை ஒன்றை மட்டும் விட்டுச்சென்றிருக்கிறது, அது சொல். இப் படிப்பைத் தமிழில் சொல்ல முடியாது என்பவர்க்கு விடை கொல்லுப்பட்டறையில் கிடக்கின்றது. உருக்குக் கலத்துக்குக் குகை என்கின்றான் தட்டான். காய்ச்சிய இரும்பை நீரில் முக்குவதைத் தோய்ச்சல் என்கின்றான் கொல்லன். உலை, துருத்தி, பட்டடை, குறடு, சாணை, பதம், வார்ப்பு, ஒட்டு, வெட்டிரும்பு என்று ஒரு முழு அகரமுதலியே அவன் வாயில் இருக்கின்றது. நாமோ அவனிடம் கேளாமல், நூலகத்தில் உட்கார்ந்து வாயில் நுழையாத சொற்களைப் படைத்துவிட்டு, "தமிழில் இயலவில்லை" என்கின்றோம். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. மாழைப்பொறியியல் தமிழில் வரவேண்டுமானால் பாடநூல் வேண்டும். பாடநூலுக்குச் சொல் வேண்டும்.

ஆகவே இங்கு வந்துள்ள மாணவர்கட்கு ஒரு வேலை. கலந்தாய்வு தொடங்கச் சில கிழமைகள் இருக்கின்றன. அதற்குள் வடசேரியில் கோயில் நகை செய்யும் தட்டாரிடம் செல்லுங்கள். உங்கள் ஊர்க் கொல்லரிடம் செல்லுங்கள். மயிலாடியில் கல் கொத்தும் தச்சரிடம் செல்லுங்கள். வள்ளம் பழுதுபார்ப்பவரிடம் செல்லுங்கள். இரும்பின் நிறம் கண்டு சூட்டை எப்படிச் சொல்கின்றார்கள், எந்தச் செம்மைக்கு என்ன பெயர், வெடித்த வார்ப்புக்கு என்ன பெயர், கல்லின் ஓட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே, ஊர்ப்பெயரோடு எழுதி இவ் விதழுக்கு விடுங்கள். வழக்கில்லை என்று எதனையும் தள்ளாதீர்கள். பிழை என்று எதனையும் திருத்தாதீர்கள். அச் சொற்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

இனி, கல்லூரியைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ ஐயமுடையோர் எழுந்து வினவலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.